கைப்பிடி இல்லாத மாடிப்படி

அய்யோ, பாத்து தம்பி, பாத்து எறங்குங்க! செவுத்தப் புடிச்சுக்கிட்டே வாங்க. ஆமா, புடிக்க ஒண்ணும் இல்லதான். உங்களுக்கு முன்னாடி நகராட்சியிலேர்ந்து வந்தாரே பெரியவரு, அவரும் இதே படியிலதான் நின்னாரு, இதே மாதிரிதான் தலைய ஆட்டினாரு. வீடு முழுக்க சரியா இருக்கு ஹில்க்கா, படிக்குக் கைப்பிடி எங்கன்னு கேட்டாரு. எம் புருஷனக் கேளுங்கன்னேன். இப்ப நீங்க கேக்கறீங்க, உங்களுக்கும் அதேதான் சொல்லணும்.

ராய்மோவா? அவரு ஏரிக்குப் போயிட்டாரு. உங்க கார் சத்தம் கேட்டுச்சோ இல்லையோ, வலைய எடுக்கணும்னு ரப்பர் பூட்ஸ மாட்டிக்கிட்டு ஓடிட்டாரு. மத்தியானத்துல யாரு வலை எடுப்பா? வந்துடுவாரு, நீங்க உக்காருங்க. காபி போட்டு வச்சிருக்கேன். ஏலக்காய் ரொட்டி காலைலதான் சுட்டது. வேலை நேரத்துல சாப்பிட மாட்டீங்களா? நல்லா இருக்கே! பின்லாந்துல காபி குடிக்காம எவன் எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கான்? உக்காருங்க சொல்றேன்.

ஏன் இத்தன வருஷமா மாட்டலைன்னா என்ன சொல்ல... நீங்க அடுக்குமாடியில வளந்தவரா? ஓ, உங்க அப்பா வீடும் மரத் தடிய அடுக்கிக் கட்டின வீடுதானா? அப்ப உங்களுக்குத் தெரியும். முழு முழு பைன் மரத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டா அது வீடாயிடுமா? காயணும், கூரை பாரத்துல அழுந்தணும், ஒவ்வொரு குளிருக்கும் கொஞ்சம் கொஞ்சமா உக்காரணும். செவுரு எறங்கும், ஆனா அடுப்பு எறங்காது, புகைபோக்கி எறங்காது, படி எறங்காது. வீட்டுல பாதி கீழ போகும், பாதி வீம்பா அப்படியே நிக்கும். அம்மா அப்பா மாதிரியேன்னு எங்க மெர்வி கிண்டல் பண்ணுவா. மெர்வி எங்க பொண்ணு, குவோப்பியோவுல நர்ஸா இருக்கா. அவ வாய் அப்படி.

அதனால உள்வேலையில அவசரப்படக் கூடாதும்பாரு ராய்மோ. ஜன்னல் மேல எடம் விடணும், அதுல சணல் நாரத் திணிக்கணும், மேல மூடற பலகைய ஜன்னல் சட்டத்துலதான் அடிக்கணும், செவுத்துல ஆணி படக் கூடாது. மாடியத் தாங்குற தூணுக்கு அடியில ஜாக்கி வச்சு, வருஷா வருஷம் திருகி எறக்கணும். அவரு சொல்றது எல்லாம் சரிதான். ஆனா சரியானத மட்டுமே கேட்டுக்கிட்டு எத்தன காலம் இருக்க முடியும்? எனக்கு அலுத்துப் போச்சு தம்பி.

குடியிருந்தது எங்கன்னு கேக்கறீங்களா? தோ அந்த சவுனாக் குடிலுதான், ஆவிக் குளியலுக்குக் கட்டினது. வேற எங்க? எல்லாரும் மொதல்ல சவுனாவக் கட்டி, அதுல குடியிருந்துக்கிட்டுதான வீட்டக் கட்டறாங்க. ஆனா மத்தவங்க ரெண்டு குளிரு, மிஞ்சினா மூணு. எங்களுக்கு மெர்வி வளந்து ஆளாகிப் படிக்கவே போயிட்டா. ஒரே ரூமு. அதுலயே அடுப்பு, அதுலயே கட்டிலு, அதுலயே அவ பாடப் புத்தகம், மேல கொடியில எப்பப் பாரு ஈரத் துணி. அவரு பகல் முழுக்க மர மில்லுல நிப்பாரு, சாயங்காலம் வந்து இங்க செதுக்குவாரு. நான் பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்து, இங்க செவுத்துத் தடிங்க நடுவுல காத்து புகாம இருக்கப் பாசி திணிப்பேன். அப்பறம் ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து சூப்பு குடிப்போம். உப்ப எடு. இந்தா. அவ்வளவுதான் பேச்சு.

அவருக்குக் குடிப் பழக்கமெல்லாம் இல்ல தம்பி. அடியா, சேச்சே, அந்த மனுஷன் கொசுவக் கூட யோசிச்சுதான் அடிப்பாரு. வேற பொம்பளையும் கிடையாது. இருந்தாலாவது ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். பேச்சு தீந்து போச்சு, அவ்வளவுதான்.

எதுக்கு இதையெல்லாம் உங்ககிட்ட சொல்றேன்? நீங்க கேக்கல, நான்தான் சொல்றேன். கேட்டுக்குங்க. நீங்க போடப் போற கையெழுத்து சும்மா வீட்டுக்கு மட்டும் இல்ல, அதனாலதான்.

மெர்வி படிக்கக் கெளம்பிப் போன அந்த வருஷம், ஒரு சனிக்கிழமை, சவுனா ஆவியில உக்காந்திருந்தோம். போதும் ராய்மோ, பிரிஞ்சுடலாம்னேன். அவரு சூட்டுக் கல்லு மேல ஒரு கரண்டி தண்ணி ஊத்தினாரு. அது சீறி அடங்கிச்சு. அப்பறம் சரின்னாரு. ஆனா பாதியில நிக்கற வீட்ட எவன் வாங்குவான், முடிப்போம், விப்போம், ஆளுக்குப் பாதிய எடுத்துக்கிட்டு அவங்கவங்க வழியப் பாப்போம்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. கை குடுத்துக்கிட்டோம். பொறந்த மேனிக்கு, வேர்த்து ஊத்த ஊத்த, பத்திரம் முடிக்கற ஆளுங்க மாதிரி கை குடுத்துக்கிட்டோம். சிரிப்பு வருதுல்ல? சிரிங்க, எனக்கும் வரும்.

ஹெல்சிங்கியில ஒரு டாக்டரும் அவரு பெண்சாதியும் இந்த வீட்டப் பாத்துட்டுப் போயிருக்காங்க. தங்கமான ஜோடி. நகராட்சி முடிவுப் பரிசோதன ஆகட்டும், அன்னிக்கே வாங்கிக்கறோம்னு காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்குக் குவோப்பியோவுல தன் வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் பாத்து வச்சிருக்கா மெர்வி. லிஃப்ட் இருக்காம். ராய்மோ அவங்க அண்ணன் பண்ணைக்குப் போறதாச் சொல்லியிருக்காரு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. பாக்கி நீங்கதான்.

அதான் அந்த உடன்பாட்டுக்கு அப்பறம் எனக்கு ஒரே வேகம். சீக்கிரம் முடிச்சாப் போதும்னு. அந்த வேகத்துலதான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். கதவு மாட்டாத, இன்னொரு குளிரு போகட்டும்னு அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் கேக்கல. அவரு மில்லுக்குப் போன நேரமாப் பாத்து, டவுன்லேர்ந்து ஒருத்தனக் கூட்டிட்டு வந்து படுக்கையறைக்கு நிலையும் கதவும் வச்சுட்டேன். அவன் செங்கல் வீட்டுக்கு வைக்கற ஆளு. மேல எடமே விடாம இறுக்கி வச்சுட்டுக் காச வாங்கிட்டுப் போயிட்டான். அழகாத்தான் இருந்துச்சு, நானும் அந்த அறையிலயே படுக்க ஆரம்பிச்சேன். ஈஸ்டர் அன்னிக்குக் காலைல எந்திரிச்சுத் தள்றேன், கதவு அசையல. ராத்திரியோட ராத்திரியா செவுரு எறங்கி நிலை மேல உக்காந்துக்கிச்சு.

ஜன்னல் வழியாவா? அந்த அறைக்குக் காத்து வர்ற சின்ன ஜன்னல் மட்டுந்தான் தொறக்கும். என் உடம்பப் பாத்துட்டுத்தான் பேசறீங்களா நீங்க?

வெளிய அவரு, உள்ள நான். நான் அப்பவே சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அதச் சொல்லியிருந்தாக் கூட நான் ரெண்டு திட்டு திட்டி ஆறியிருப்பேன். ரம்பத்த எடுத்து வந்து மேல்கட்டைய மெல்ல மெல்ல அறுத்தாரு. வேகமா அறுத்தா மேல இருக்கற தடி வெடிச்சுடுமாம். பாதிப் பொழுது போயிடுச்சு. நடுவுல தொடை வரைக்கும் பனியில நடந்து, வீட்டச் சுத்தி வந்து, அந்தச் சின்ன ஜன்னல் வழியா காபி நீட்டினாரு. பால் அதிகம், சக்கர இல்லாம. நான் குடிக்கற மாதிரியே. அப்பறம் கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து அறுத்துக்கிட்டே என்னென்னமோ பேசினாரு. மில்லுல நடந்தது, அவங்க அம்மா பேசினது, மெர்வி சின்னதுல பேரு வச்ச ஆட்டுக்குட்டி. அத்தன பேச்சு அவருக்குள்ள இருந்துச்சான்னு நானே அசந்துட்டேன். மூஞ்சி தெரியாம இருந்தா அந்த மனுஷனுக்குப் பேச வருது போல. கதவு தொறந்ததும் ரெண்டு பேரும் கப்சிப்.

சரி, அத விடுங்க. நல்லாத்தான் செஞ்சிருக்காரு உள்வேலை, இல்லன்னு சொல்லல. தரைப் பலகையப் பாருங்க, ஒரு இடுக்கு இல்ல. சோப்பு போட்டுத் தேச்சுத் தேச்சு நான்தான் இந்த வெள்ளைக்குக் கொண்டு வந்தேன். சமையல் மேடையப் பாருங்க. என்ன உயரம்னு தெரியுதா? என் முழங்கைக்கு. அளவு எடுக்கறேன் நில்லுன்னு நிக்க வச்சு, முழங்கைக்குக் கீழ பென்சிலால கோடு போட்டாரு. ஏன்யா, விக்கப் போற வீட்டுக்கு என் முழங்கை எதுக்கு, அந்த டாக்டரம்மா ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருக்கான்னேன். அவ குனிஞ்சுக்குவான்னாரு.

இந்த மாதிரி ஆளு தம்பி. எதையும் முடிக்க மாட்டாரு. முடிச்சா அப்படி முடிப்பாரு.

கைப்பிடியா? அதுக்கு பிர்ச் மரம் அறுத்து வச்சாச்சாம், இன்னும் காயலயாம். போன வருஷமும் காயல, இந்த வருஷமும் காயல. நான் கத்தாத கத்தல் இல்ல. உன் மரம் காயறதுக்குள்ள நான் காஞ்சுடுவேன்னு போன வாரம் கூடச் சொன்னேன். அவரு பாட்டுக்குக் காபிய ஊதிக்கிட்டே இருக்காரு.

என்னது, பலகையா? எந்தப் பலகை?

ஓ. கைப்பிடிக்குப் பதிலா தற்காலிகமா ஒரு பலகைய அடிச்சா போதும்கறீங்களா. இல்ல இல்ல, எங்க வீட்டுல சும்மா கெடக்கற பலகை ஒண்ணும் இல்ல. அதோ அதுவா, அது... அது படகுக்கு வச்சிருக்கறது. உங்க கார்லயே இருக்கா? டிரில்லும் இருக்கா? நகராட்சியில இப்ப எல்லாத்தையும் குடுத்துதான் அனுப்பறாங்களா! வேண்டாம் தம்பி, செவுத்துல ஆணி அடிச்சா அது எறங்கறப்ப இழுத்துக்கும். படியிலயே முடுக்கிடலாமா? நீங்க எதுக்குக் கஷ்டப்படணும், சட்டை அழுக்காயிடும். டாக்டரம்மா வந்து இந்த ஒட்டுப் பலகையப் பாத்தா என்ன நெனைப்பாங்க?

இருங்க. பேனாவ எடுக்காதீங்க. பலகை கூட வேண்டாம், கைப்பிடி பின்னால மாட்டிக்குவாங்கன்னு எழுதி இன்னிக்கே முடிச்சுத் தர்றேங்கறீங்களா? எனக்காகவா? இவ்வளவு நேரம் நான் அலுத்துக்கிட்டதக் கேட்டு, பாவம் பொம்பளைன்னு எறக்கப்பட்டுட்டீங்க. உங்க அம்மா உங்கள நல்லா வளத்திருக்காங்க.

பேனாவ மூடுங்க தம்பி. காபி ஆறுது, மொதல்ல அதக் குடிங்க.

கைப்பிடி இருக்கு.

படகுக் கொட்டகையில, மேல் உத்தரத்துல, பழைய படுக்க விரிப்புல சுத்தி வச்சிருக்கு. போன கோடையில ஸ்ட்ராபெர்ரிச் செடி மேல போடறதுக்குக் கிழிஞ்ச வலை தேடப் போனேன், கையில தட்டுப்பட்டுச்சு. முழுசு. வளைவு, தாங்குற கட்டை, திருகாணிக்கு ஓட்டை, எல்லாம் போட்டு முடிச்சது. தூக்கிட்டு வந்து மாட்டினா காபி ஆறறதுக்குள்ள வேல முடிஞ்சுது. நேத்து செஞ்சது இல்ல தம்பி, மரம் மஞ்சக் கட்டிப் போச்சு, வருஷம் ஆயிருக்கும். ஆனா எண்ணெ மட்டும் புதுசு. கையில ஒட்டுச்சு. அப்பப்போ போயி, எடுத்து, தொடச்சு, எண்ணெ தேச்சு, திரும்பச் சுத்தி வச்சுட்டு வர்றாரு. இப்பவும் வலைக்கா போயிருக்காரு? நீங்க அந்தப் பக்கம் போயிடக் கூடாதேன்னு கொட்டகை வாசல்ல நிக்கறாரு.

நான் அவருகிட்ட ஒண்ணும் கேக்கல. இருந்த மாதிரியே சுத்தி வச்சுட்டு வந்துட்டேன். அன்னிக்கு சாயங்காலமும், கைப்பிடி எங்கய்யான்னு வழக்கம் போலத் திட்டினேன். மரம் காயலைன்னாரு. எத்தன வருஷம் ஆகும்னேன். பிர்ச்ச நம்ப முடியாது, நாள் ஆகும்னாரு. சரி, ஆகட்டும்னேன். சொன்னதுக்கப்பறம் உள்ள போயி, பாத்திரம் கழுவற எடத்துல நின்னு அழுதேன். அந்த மேடையிலதான்.

அலுத்துப் போச்சுன்னு உங்ககிட்ட சொன்னேனே, அதுல பொய் இல்ல. எலும்பு வரைக்கும் களைப்பு. ஆனா குவோப்பியோவுல லிஃப்ட்ல ஏறி எறங்கிக்கிட்டுத் தனியாக் களைச்சுப் போக எனக்கு முடியாது தம்பி. போகாதன்னு சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வராது. போகலைன்னு சொல்ல எனக்கும் வரல. கை வேற குடுத்துத் தொலைச்சிருக்கோம்.

அதனால எழுதுங்க. கைப்பிடி இல்ல, ஆபத்து, வீடு முடியலைன்னு நல்லா அழுத்தி எழுதுங்க. டாக்டருங்களுக்கு வேற வீடு கெடைக்கும்.

பூட்ஸ் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. முகத்தக் கொஞ்சம் கடுமையா வச்சுக்குங்க. சிரிக்காதீங்க, கெட்டது காரியம். தோ பாருங்க, மீன் ஒண்ணு கூட இல்ல கையில.

ராய்மோ! இங்க வாங்க, வந்து இந்த ஆபீசரு சொல்றத நீங்களே உங்க காதால கேளுங்க. மறுபடியும் போச்சு! எல்லாம் உங்களாலதான்யா, உங்க காயாத மரத்தாலதான்!