முந்திச் சிரிப்பவன்

மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் விளக்கு வைக்கிற நேரம்போல இருட்டு... ராயப்பன்பட்டிப் பக்கம், கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பந்தல் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஆள் நடமாட்டமே இல்லை.

போர்வையைப் பங்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் மேல் கால் படாமல் உட்காருங்கள். ஏன் என்று பிறகு தெரியும்.

என்னோடு பி.எட். படித்த ஷீபாவின் நாத்தனார் வீட்டில் நடந்தது இது. நாத்தனார் பெயர் ஞானசெல்வி. கணவர் அமிர்தராஜ், திராட்சை விவசாயம். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் சேவியர், அடுத்தவள் பெனிட்டா. அந்த ஜூன் மாதம் வாய்க்காலில் புதுத்தண்ணீர் திறந்துவிட்ட அன்று வேடிக்கை பார்க்கப் போனான் சேவியர். தண்ணீர் கொண்டுபோய்விட்டது. ஏழு வயசு.

நான் சொல்கிற நாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, செண்டுப்பூ வைத்து, பொழுது அடைவதற்குள் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். செத்த முதல் வருஷம் வீட்டு ஆட்களே போய் ஏற்ற வேண்டும், வழி தெரியாமல் அலைகிற ஆத்துமாவுக்கு அந்தத் திரிதான் வெளிச்சம் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் ஊர்ச்சனம் ஓடிப்போய் ஏற்றிவிட்டு வந்துவிட்டது. இந்த ஒரு வீடு மட்டும் போகவில்லை.

ஞானசெல்வி மாட்டேன் என்றுவிட்டாள். ஏற்றினால் பிள்ளை செத்ததை அவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே... காலையிலிருந்து கொட்டிய மழை அவளுக்குச் சாக்காக வந்தது.

"இம்புட்டு மழையில திரி நிக்குமா? பேசாம எல்லாரும் வீட்டுல இருந்து படம் பாப்போம்."

சொல்லிவிட்டு டிவி முன்னால் பாயை விரித்தாள். பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பழமொழியின் மிச்சத்தைக் கதை முடிந்ததும் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு படம் ஓடியது. இன்னொரு படம்... கடலை வறுத்தாள், சுக்குக் காப்பி போட்டாள். சிரிப்புப் படத்துக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் கரண்டு போனது. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு இன்வெர்ட்டரில் டிவியை மட்டும் ஓட விட்டார்கள். அப்போதுதான் அவள் அந்த யானைக்குட்டிப் படத்தைப் போட்டாள்.

அது சேவியரின் படம். பென் டிரைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்ப்பான். எல்லாம் மனப்பாடம். அதனால் சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுவான். முந்திச் சிரிக்காதடா, எங்களையும் பாக்க விடு என்று அமிர்தராஜ் மண்டையில் குட்டுவார். இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. படம் பார்க்கும்போது இரண்டு காலையும் அம்மாவின் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வான். பெனிட்டாவுக்கோ அந்தப் படமே ஆகாது. யானை பிளிறினால் முகத்தைப் பொத்திக்கொள்வாள்.

படம் ஆரம்பித்ததும் அமிர்தராஜ் எழுந்துவிட்டார். மனுசனுக்குத் தாங்கவில்லை. பந்தல் சாய்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று குடையை எடுத்தார். அலமாரியிலிருந்த மெழுகுதிரியை அவர் சட்டைக்குள் வைத்ததை ஞானசெல்வி பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். நான் முதலில் சொன்ன பாதையில் அவர் தனியாக நடந்தார்.

வீட்டில் தாயும் மகளும் மட்டும். டிவி வெளிச்சம். ஓட்டின் மேல் மழை...

அப்போது அவள் தொடைக்கு அடியில் இரண்டு கால்கள் நுழைந்தன.

சின்னக் கால்கள். ஈரம். கிணற்றுக்குள் கிடந்த இரும்பு மாதிரிச் சில்லென்று... பெனிட்டா என்றுதான் நினைத்தாள். ஆனால் பெனிட்டா அவளுடைய இடது தோளில் சாய்ந்திருந்தாள். கால்கள் வந்தது வலது பக்கத்திலிருந்து.

பாசி வாடை அடித்தது. வாய்க்கால் பாசி.

படத்தில் பாகன் சேற்றில் வழுக்கி விழுகிற இடம். அவன் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கத்தில்... க்ளுக்.

பயந்து அலறியிருப்பாள் என்பீர்கள். இல்லை. அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. திரும்பினால் போய்விடுவான் என்று கழுத்தை அசைக்காமல் டிவியையே பார்த்தாள். கண்ணீர் மட்டும் தாடையில் இறங்கியது. மாதாவே, இந்தப் படம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

கீ... கீ... இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. சார்ஜ் தீர்கிறது.

"அம்மா... அண்ணன் கை ரொம்பக் குளுருதும்மா."

பெனிட்டாவின் குரல். ஞானசெல்வி கண்ணை மட்டும் தாழ்த்தினாள். மகளின் கை அவள் மடியைத் தாண்டி வலது பக்கம் நீண்டிருந்தது. இருட்டில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. வெளியே தெரிந்த விரல்கள், ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மழையில் நனையாத பெனிட்டாவின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"படம் முடிஞ்சதும் என்னையும் கூட்டிட்டுப் போறானாம்மா. அங்கன தனியா இருக்க முடியலையாம்."

கீ... கீ... யானைக்குட்டி தாயைத் தேடி ஆற்றில் இறங்கிவிட்டது. இனிக் கொஞ்சம்தான் படம். நிறுத்தினாலும் முடிந்த கணக்கு. ஓடவிட்டாலும் முடியும். ஒன்றைப் பிடித்து வைக்கப் போய் இன்னொன்றும் கையை விட்டுப் போகப்போகிறதே... தடவித் தடவிச் செல்போனை எடுத்தாள்.

அமிர்தராஜ் கல்லறை முன்னால்தான் நின்றார். குச்சியெல்லாம் நமத்துப்போச்சு, ஒன்றும் பற்றவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டார்.

இத்தனை மாதம் வாயில் வராத வார்த்தையை அவள் சொன்னாள். பிள்ளையின் கால் தன் தொடைக்கு அடியில் இருக்கும்போதே, அவன் காதில் விழும்படி சொன்னாள்.

"வராதீக. எப்படியாச்சும் ஏத்துங்க. நம்ம புள்ள செத்துட்டான்... அவனுக்கு ஏத்துங்க."

வலது பக்கத்தில் மூச்சுச் சத்தம் நின்றது. போனில் குச்சி உரசுகிற சத்தம். சரக்... சரக்... சரக். அப்புறம் அமிர்தராஜின் அழுகை.

"பத்திருச்சு செல்வி."

கால்கள் மெதுவாக, போக மனமில்லாமல் வெளியே நகர்ந்தன. டிவி அணைந்தது. பெனிட்டா அவள் மடியில் துவண்டு விழுந்தாள். வலது பக்கம் பாய் நனைந்திருந்தது.

பெனிட்டா காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். கோயிலில் சேவியருக்குப் பூசை வைத்தார்கள். ஞானசெல்வி முதல் தடவையாகக் கல்லறைக்குப் போய் வாய்விட்டு அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஷீபாவும் நினைத்தாள்.

மறுபடி ஒரு மழை நாள். பள்ளிக்கூடம் லீவு. பார்த்துவிட்டு வரலாம் என்று போன ஷீபாவும் அவர்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். என்ன படம் போடட்டும் என்று அமிர்தராஜ் மகளைக் கேட்டார். யானைக்குட்டிப் படம் என்றாள் பெனிட்டா. பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

யானை பிளிறியது. பெனிட்டா முகத்தைப் பொத்தவில்லை. பாகன் சேற்றுப் பக்கம் நடந்து வந்தான். இன்னும் வழுக்கவில்லை...

க்ளுக்.

கடலை உரித்துக்கொண்டிருந்த அமிர்தராஜின் கை அப்படியே நின்றது. ஞானசெல்வி யாரையும் பார்க்கவில்லை, டிவியையே பார்த்தாள். போர்வைக்குள் பெனிட்டாவின் கால்கள் இரண்டும் அம்மாவின் தொடையைத் தேடி வருவது ஷீபாவுக்குத் தெரிந்தது. போர்வை அந்த இடத்தில் நனைந்துகொண்டே வந்தது.

ஞானசெல்வி தொடையைக் கொஞ்சம் தூக்கி இடம் கொடுத்தாள்.