ஒரு கை குட்டையான கம்பளிச் சட்டை

வீரமுத்து: ஏ புள்ள பஞ்சாலை... வெளையாடாத. தாழ்ப்பாளத் தொற.

பஞ்சாலை: கேட்டதுக்குப் பதில் சொல்லு. அப்புறம் தொறக்குறேன்.

வீரமுத்து: தொப்பலா நனைஞ்சு போயி நிக்கிறேன்டி.

பஞ்சாலை: நில்லேன். மார்கழி மழை ஒன்ன என்ன பண்ணும்? நீதான் கேமரன் மலைக்காரனாச்சே.

நல்லசாமி: என்ன மாப்ள... பக்கத்து வூட்டுக்காரன் நிம்மதியா ஒரு சுருட்டுப் புடிக்க முடியல. தங்கச்சி வெளிய தள்ளிட்டாளா?

வீரமுத்து: நீ உள்ள போ மச்சான்.

நல்லசாமி: எங்க போறது? என்ன ஏதுன்னு கேட்டுட்டு வான்னு எம் பொண்டாட்டிதான் அனுப்புனா. வெறுங்கையோட போனா எனக்கும் கதவு தொறக்காதுலா.

பஞ்சாலை: நல்லாக் கேளுங்கண்ணே. நீங்களே ஞாயம் சொல்லுங்க. மலையில தேயிலக் கொழுந்து எடுக்க ஆளு பத்தலையாம். குடும்பம் குடும்பமா அனுப்புறாங்களாம். அங்கேருந்து வந்தவருன்னு ஆபீசுல கணக்கெழுதுற கெராணி மொத ஆளா இவரத்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. இந்த ஆளு காலையிலேயே போயி மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல!

வீரமுத்து: சொல்லலாம்னுதான் இருந்தேன்...

பஞ்சாலை: எப்ப? லாரி போனப்புறமா? கெராணி வாயிலேருந்து நாங் கேக்குறேன். மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல.

வீரமுத்து: நீ எதுக்கு ஆபீசுக்குப் போன?

பஞ்சாலை: அது எஞ் சோலி. ஏன் மாட்டேன்ன? அதச் சொல்லு.

வீரமுத்து: இங்க... இங்க பழகிருச்சு புள்ள. மரம், பாலு, வாளி... எல்லாம் பழகிருச்சு.

பஞ்சாலை: நீ பாலு வெட்டுற வெரப்பு காட்டோரத்துலதான இருக்கு? போன மாசம் அந்தக் கம்னிஸ்டு காட்டுக்காரனுங்க துப்பாக்கியோட வந்து அம்பது மரத்தச் சீவிப் போட்டானுங்க. தெனமும் நீ வர்ற வரைக்கும் நா வேலிக் கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். அதுவும் பழகிருச்சா?

வீரமுத்து: மலையிலயும் காட்டுக்காரனுங்க இருக்கானுங்கடி.

பஞ்சாலை: இருந்துட்டுப் போறானுங்க. நாலு வருசமா என்ன சொன்ன நீ? முட்டக்கோசு இம்மாம் பெருசு. மூச்சு வுட்டா வாயிலேருந்து பொகை வரும். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ஒனக்கு ஒரு நாளு காட்டுறேன்டின்னு சொன்னியா இல்லியா?

வீரமுத்து: சொன்னேன்...

பஞ்சாலை: காட்டுற நாளு வந்தா மாட்டேன்ற. ஏன்னு எனக்குத் தெரியும்.

வீரமுத்து: ஒனக்கு எப்படித் தெரியும்?

பஞ்சாலை: அவ அங்க இருக்கா.

நல்லசாமி: ஆஹா... யாரும்மா அவ?

வீரமுத்து: மச்சான், ஒன் சுருட்டு அணைஞ்சு போச்சு. போயி நெருப்பெடு.

பஞ்சாலை: கம்பளிச் சட்ட பின்னிக் குடுத்தவ! பொட்டிக்குள்ள அந்துருண்ட போட்டு வெச்சிருக்கியே, அந்தச் சட்ட! கல்யாணமான மறுநாளே கேட்டேன். யாரு பின்னுனதுன்னு. "மலையில ஒருத்தங்க"ன்ன. சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற சிரிச்ச.

வீரமுத்து: அது சும்மா...

பஞ்சாலை: மாசத்துக்கு ஒரு தரம் வெயில்ல காயப் போடுற. தடவித் தடவி மடிக்கிற. எஞ் சேலைய என்னிக்காவது மடிச்சிருக்கியா?

நல்லசாமி: பாயிண்டு மாப்ள.

பஞ்சாலை: அதப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். நாலு வருசமா எரியுது. காலையில எந்திரிச்சதும் என்ன சொன்ன? "அந்தச் சட்டைய எடுத்து வெளிய வை, சாயங்காலம் வேணும்"ன்ன. இந்த வெக்கை ஊர்ல ஒனக்குக் கம்பளி எதுக்கு? அவ நெனப்பு வந்துருச்சு. அதான.

வீரமுத்து: இல்ல தாயி... கதவத் தொற. உள்ள வந்து சொல்றேன்.

பஞ்சாலை: அங்கேயே சொல்லு.

வீரமுத்து: மச்சான் நிக்கிறாரு...

நல்லசாமி: நா எதையும் காதுல வாங்கிக்க மாட்டேன். நீ சொல்லு.

பஞ்சாலை: அவள நேர்ல பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும்னு பயம். அதுக்குத்தான மாட்டேன்னுட்டு வந்த? ராத்திரியில சுருண்டு படுத்துக்கிட்டு முதுகக் காட்டுறியே... அது யார நெனச்சு? போர்வைய முழுசா நீயே இழுத்துக்கிற. நா ஒருத்தி பக்கத்துல கெடக்குறது ஒனக்குத் தெரியுதா?

வீரமுத்து: அய்யோ... அதுக்கு வேற காரணம்டி.

பஞ்சாலை: வேற காரணமா? ஓ... இங்கயும் ஒருத்தி இருக்காளா? வேல முடிஞ்சும் பொகைவீட்டுப் பக்கமே உக்காந்திருக்கியாம். அங்க ரப்பர் அடுக்குறது ராக்கம்மாதான? பல்லப் பல்லக் காட்டுவாளே...

நல்லசாமி: நானும் பாத்தேன். மூணு நாளா.

வீரமுத்து: மச்சான்!

நல்லசாமி: பாத்ததச் சொன்னேன்லா.

வீரமுத்து: வேலி லைட்டு போட்டுட்டான் பாரு. இன்னும் அஞ்சு நிமிசத்துல ஊரடங்குச் சங்கு ஊதிருவான். ஆறு மணிக்கு மேல வெளிய நின்னா மாத்தா-மாத்தா போலீசு புடிச்சிக்கிட்டுப் போயிருவான்டி. போன வாரம் மாயாண்டிய ராத்திரி முழுக்க கொட்டடியில உக்கார வெச்சானுங்க, மறந்துட்டியா?

பஞ்சாலை: மறக்கல. அஞ்சு நிமிசம் இருக்கு. சொல்லுய்யா. யாரா இருந்தாலும் சொல்லு. நா தாங்கிக்குவேன். தாங்க மாட்டேன்... ஆனாலும் சொல்லு.

வீரமுத்து: கு... குளிருதுடி.

பஞ்சாலை: என்னது?

வீரமுத்து: எனக்குக் குளிருது. போதுமா?

நல்லசாமி: யாருக்கு?

வீரமுத்து: எனக்குத்தான்! கேட்டுக்க. ஊருக்கே போயி சொல்லு. எனக்குக் குளிருது.

நல்லசாமி: அடேய்... விடியக்காலம் நாலு மணிக்குப் பைப்படியில அண்டாத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டு, "இதெல்லாம் ஒரு குளிராடா, மலையில வந்து பாருங்கடா பொட்டப் பசங்களா"ன்னு எங்கள நாறடிச்சியே...

வீரமுத்து: அது வந்த புதுசுல. அப்ப நெசமாவே குளிரல. மொத வருசம் நீங்கல்லாம் சாக்கு போத்திக்கிட்டு நடுங்குனீங்க, எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. ரெண்டாம் வருசம் லேசா... சரி, காய்ச்சலு வரப் போகுதுன்னு நெனச்சேன். காய்ச்சலும் வரல, குளிரும் போகல. இப்ப மழ ஓட்டுல வுழுற சத்தம் கேட்டாலே பல்லு தந்தியடிக்குது. என் ஒடம்பு என்னக் கேக்காமலேயே இந்த ஊர் ஒடம்பாயிருச்சு.

பஞ்சாலை: அப்ப பொகைவீடு...

வீரமுத்து: அங்க அடுப்பு எரியும்ல, கை காய்ச்சப் போனேன். ராக்கம்மா அங்க இருந்தாளா இல்லியான்னே எனக்குத் தெரியாது.

பஞ்சாலை: ராத்திரி முதுகு காட்டுனது...

வீரமுத்து: சுருண்டு படுத்தாத்தான் நடுக்கம் நிக்குது. நீ பாத்துருவியோன்னுதான் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டேன். இந்த ஊருக் குளிருக்கே இப்படி. அந்த மலைக்குப் போனா செத்துருவேன் புள்ள. அதான் மாட்டேன்னேன்.

நல்லசாமி: மாப்ள, இத நா எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்றேன். அது போதும்.

பஞ்சாலை: சிரிக்காதீங்கண்ணே. இன்னும் முடியல. குளிருன்னா குளிருன்னு சொல்லிட்டுப் போயேன்யா. எதுக்கு என்ன எரிய வுட்ட? சட்ட பின்னுனது யாரு?

வீரமுத்து: அது... கதவோரமா காதக் குடு.

பஞ்சாலை: குடுத்துட்டேன்.

வீரமுத்து: ...

நல்லசாமி: எனக்குக் கேக்கல மாப்ள. சத்தமா.

வீரமுத்து: நாந்தான் பின்னுனேன்! போதுமாய்யா? கொழுந்து எடுக்குறப்ப சரிஞ்சு வுழுந்து காலு ஒடிஞ்சு, ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தேன். பொழுது போகல. வார்டு கூட்டுற ஆயா சொல்லிக் குடுத்துச்சு. சைக்கிள் கம்பி ரெண்டு, பழங்கம்பளியப் பிரிச்ச நூலு... ஆம்பள ஒக்காந்து பின்னுனேன்னு இங்க யாருகிட்ட சொல்ல முடியும்?

பஞ்சாலை: எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!

வீரமுத்து: நீ கோவிச்சுக்கிட்டியா... எனக்காக ஒருத்தி இப்படி எரியுறாளேன்னு... நல்லாத்தான் இருந்துச்சு.

பஞ்சாலை: நாசமாப் போறவனே... அதான் எடது கை குட்டையா இருக்கா? முழங்கையத் தாண்ட மாட்டேங்குது. அவளுக்கு ஒழுங்காப் பின்னக்கூடத் தெரியலன்னு இன்னிக்கு முழுக்க நா சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

வீரமுத்து: நூலு பத்தல... அது சரி, கை குட்டைன்னு ஒனக்கு எப்படி...

நல்லசாமி: சங்கு ஊதிட்டான்! நா உள்ள போறேன். தங்கச்சி, கதவத் தொறம்மா, பாவம், மலைக்காரன் வெறச்சிருவான்.

வீரமுத்து: பஞ்சாலை!

பஞ்சாலை: வா... சீக்கிரம் வா. கதவச் சாத்து.

வீரமுத்து: ஏய்... என்னடி இது? நீ போட்டிருக்க!

பஞ்சாலை: காலையிலேருந்து போட்டிருக்கேன். போட்டுப் பாத்தா அவ எப்படியாப்பட்டவன்னு தெரியுமான்னுதான்... அப்புறம் கதகதன்னு இருந்துச்சு. கழட்ட மனசு வரல.

வீரமுத்து: சரி, இப்பக் கழட்டிக் குடு. கை காலெல்லாம் மரத்துப் போச்சு.

பஞ்சாலை: குடுக்க மாட்டேன். எனக்கு வேணும்.

வீரமுத்து: ஒனக்கு எதுக்குடி?

பஞ்சாலை: ஏய்யா... நா சொன்னா அடிக்கக் கூடாது.

வீரமுத்து: என்ன பண்ணுன?

பஞ்சாலை: அவ மூஞ்சிய ஒரு தரமாவது பாத்துரணும்னு... மத்தியானமே ஆபீசுல ரெண்டு பேருக்கும் கைநாட்டு வெச்சுட்டேன். வலது பெருவிரலு எனக்கு, எடது பெருவிரலு ஒனக்கு. கெராணி ஒரு மாதிரி பாத்தாரு. ஆளு கெடைக்காத கடுப்புல ஒண்ணுஞ் சொல்லாம எழுதிக்கிட்டாரு.

வீரமுத்து: அடிப்பாவி! நாளைக்கே போயி நம்ம பேர அடிக்கச் சொல்லு. அவதான் இல்லன்னு ஆயிருச்சே!

பஞ்சாலை: அவ இல்ல. மூச்சு வுட்டா வர்ற பொகை இருக்குல்ல? நாலு வருசமா நீ மட்டும் பாத்ததா சொல்லிச் சொல்லி எரிய வெச்சியே, நானும் பாக்கணும். சனிக்கிழம காலையில லாரி, தொணைக்கு பட்டாளத்து வண்டி வருது. இந்தச் சட்ட எனக்கு. மம்பாவ் டவுன்ல மஸ்தான் கடையில நூலு இருக்கு, இன்னும் நாலு நாளு இருக்கு... ஒனக்கு ஒண்ணு பின்னிக்க.