பிறந்த வீட்டு விரால்

விரால் குழம்பில் மாங்காய் போடுவது எனக்குப் பிடிக்காது. என் மனைவி அம்சா போடுவாள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பழக்கம் அது.

மயிலம் பக்கம், ஒரே ஏரியின் இரண்டு கரைகளில் எங்கள் இரண்டு ஊர்களும் இருக்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரே சனம். கோடையில் ஏரி வற்றும்போது இரண்டு ஊரும் சேர்ந்து மீன் பிடிக்க இறங்குவோம். எதிர்க்கரைக்கு வாழப் போன பெண்ணுக்கு, பிறந்த வீட்டு ஆண் முதல் விராலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அம்சாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. அத்தை மகன் சேரன்தான் கொண்டுவருவான். அவளைக் கட்டிக்கொள்ள முறையுள்ளவன்.

வாசலில் நின்றபடியே, "இன்னா அம்சா, உங்க வூட்டுக்காரரு இந்த வருசமாவது ஒரு கெண்டையாச்சும் புடிச்சாரா?" என்பான். அவள் சேறு பட்ட மீனை முந்தானையில் வாங்கிக்கொண்டு சிரிப்பாள். என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் சண்டைக்காரன் இல்லை.

ஒரு வருடம், இறங்குவதற்கு முந்தின நாள் காலை, கரையோரம் மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீர் சுண்டினால் அப்படி மிதக்கும். என் கழனியில் கிடந்த காலிப் பூச்சிமருந்து டப்பாவைக் கொண்டுவந்து அங்கே போட்டேன். சேரன் ஊற்றியதைப் பார்த்ததாக ஊரில் சொன்னேன். சின்னதுரை அண்ணன் மட்டும், "நீ கண்ணால பாத்தியா?" என்றார்.

"பாத்துக்கினுதாண்ணே வர்றேன்."

மாலைக்குள் அந்த ஊரில் கூரைகள் எரிந்தன. சேரனைக் கரையிலேயே அடித்துக் கொன்றார்கள். நான் தொடவில்லை. பிறகு தண்ணீரைச் சோதித்து விஷமில்லை என்றார்கள். அதற்குள் எங்கள் பக்கமும் இரண்டு பேர் செத்திருந்தார்கள். செத்தவர்களுக்காகவாவது நான் சொன்னது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

திண்டிவனம் கோர்ட்டில் கேஸ் முடிந்துவிட்டது. ஊர்களுக்குள் முடியவில்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. அங்கிருந்து வாழ வந்த சிலரை, பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு துரத்திவிட்டார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூட வழியில் கல்லெறிந்துகொள்கிறார்கள். கேட்டால், ஏரியில் விஷம் வைத்த சனம் என்கிறார்கள்.

அம்சாவை நான் துரத்தவில்லை. ஊர் சொல்லியும் வைத்துக்கொண்டேன். அவள் அம்மா சாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. எதிர்க்கரையில் அடித்த மேளம் எங்கள் வாசல்வரை கேட்டது. அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. அவனைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.