ஊரைக் கேட்காத மூன்று நாள்கள்

சங்கத் தலைவர் அவர்களே, பொதுச்செயலாளர் ரகுநாதன் அவர்களே, டியூட்டி முடிந்து உடை மாற்றவும் நேரமின்றி முசஃபா தொழிற்பேட்டையிலிருந்து நேரே வந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். மறைந்த ஜுலைஹா பீவி அம்மையாரை வெள்ளை மனசுக்காரர் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். "யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார், பாவம்" என்றார் செயலாளர். நமது முகவைச் சகோதரர் சங்க இல்லத்தில் வேற்றூர்க்காரர்கள் பொய் சொல்லி நுழைந்ததற்கு அதுவே காரணம் என்றும் சொன்னார். இது தவறு. பதினாறு ஆண்டுகள் அந்த இல்லத்தை நடத்திய பெண்மணியை ஒருவரும் ஏமாற்றியதில்லை.

இதை இன்றே திருத்தியாக வேண்டும். ஏனென்றால், அந்தக் கருத்தின் பேரில்தான் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேராத நான்கு பேர் பதினைந்தாம் தேதிக்குள் இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டுமாம். நால்வரும் சைட்டில் அடிபட்டு மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு இடுப்பில் இன்னும் கட்டு இருக்கிறது. ஊர் திரும்பக் கம்பெனி விமானச் சீட்டு தரும்வரை அவர்கள் எங்கே படுப்பார்கள்?

இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு தொடக்கத்திலிருந்து என் பொறுப்பு. என் கணவர் அமரர் ஸ்ரீனிவாசன் அதை என்னிடம் ஒப்படைத்தார். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்து ஆசிரியை ஆனவள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பீவியின் வழக்கமோ வேறு. வந்தவரிடம் மூன்று நாள்களுக்கு ஊரைக் கேட்க மாட்டார். நம்மவர்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வியே ஊர்தானே? அதை அவர் நான்காம் நாளுக்கு ஒத்திவைத்திருந்தார். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ராஸ் அல் கைமா கல்குவாரியில் இரண்டு கைகளும் நசுங்கிய அருள்ராஜ் என்பவர் வந்தார். முதல் நாளே நான் படிவத்தோடு உட்கார்ந்தேன். ஊர் பரமக்குடி என்றார்.

"பரமக்குடியில் எந்தப் பக்கம்?"

"கடல் கிட்டத்தான், டீச்சர். வீட்டில இருந்தா இரைச்சல் கேக்கும்."

பரமக்குடியில் ஏது கடல்? மறுநாளே வெளியேற்றக் கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். பீவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அடுக்களை வாசலில் நின்று நானே வாசித்தேன். முழுவதும் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். அந்தப் புள்ளைக்குச் சோறு கொடுக்கப் போறேன். வாங்க, அவன் முன்னாடியே வாசிங்க."

போனேன். கட்டிலில் அருள்ராஜ் உட்கார்ந்திருந்தார், இரு கைகளும் முழங்கைவரை கட்டு. பீவி சோற்றை உருட்டி ஊட்டினார். வாயில் சோறு இருக்கும்போது வாசிப்பது முறையல்ல என்று காத்திருந்தேன். விழுங்கியதும் அடுத்த கவளம் தயாராக இருந்தது. அதற்கடுத்ததும் தயாராக இருந்தது.

"வாசிங்க டீச்சர். நாங்க பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருக்கோம்."

என்னால் வாசிக்க முடியவில்லை. வெளியே வந்து, "அவர் பொய் சொல்லியிருக்கிறார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே தெரியும். இடியாப்பத்துக்குத் தேங்காப்பால் சொதி கேட்டான். பரமக்குடிக்காரன் எவன் டீச்சர் சொதி கேப்பான்? அடிபட்டு வந்தவன்ட்ட ஊரைக் கேட்டா, எடம் கெடைக்கிற ஊரைத்தான் சொல்லுவான். மூணு நாள் தின்னு தூங்கட்டும். பொறவு கேளுங்க."

நான்காம் நாள் பீவியே கேட்டார். "இலங்கை மன்னார், உம்மா. எங்கட ஊருக்குச் சங்கம் ஒண்டும் இல்ல" என்று அருள்ராஜ் அழுதார். "அழுவாத வாப்பா. மன்னார்க்காரன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே சொதி வச்சிருப்பேன்ல" என்றார் பீவி.

இவரா ஏமாந்தவர்? எல்லாம் தெரிந்தே இடம் கொடுத்த ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அருள்ராஜின் கம்பெனி அலுவலகத்துக்கு நானும் பீவியோடு போனேன். "டிக்கெட் மாஃபி", சீட்டு இல்லை என்றார் எழுத்தர். "டிக்கெட் மாஃபின்னா ஒரு நாற்காலி குடு பாய். நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன்" என்றார் பீவி. ஒன்பது நாள்கள் போய் உட்கார்ந்தார். பத்தாம் நாள் சீட்டு வந்தது. இப்படி எத்தனை பேர் விமானம் ஏறினார்கள்? என் பதிவேட்டில் முந்நூற்றுப் பதினொரு பெயர்கள். ஒவ்வொருவருக்காகவும் அந்தப் பெண்மணி எங்கோ ஒரு வாசலில் உட்கார்ந்திருந்தார். அதை நினைக்கும்போது, யார் முன்னும் தலை குனிந்து பழகாத நான் தலை குனிகிறேன்.

அவர் வேலையை யார் தொடர்வது என்று இங்கே கேட்டீர்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. சமைக்க வராது, முழங்கால் வலி உண்டு. ஆனால் வாசலில் உட்காரத் தெரியும். நாளை முதல் இல்லத்தின் பொறுப்பை நான் ஏற்கிறேன். படிவத்தில் ஊர் என்ற கட்டம் மூன்று நாள்கள் காலியாகவே இருக்கும்.

செயலாளர் அவர்களே, அந்த நான்கு பேரும் சீட்டு வரும்வரை இல்லத்தில் தங்கலாமா, கூடாதா? வரும் வியாழக்கிழமைக்குள், உங்கள் கையெழுத்தோடு, எழுத்தில் எனக்குப் பதில் தாருங்கள்.