ஆற அமரச் சொல்லு, கண்ணு

கண்ணசைவாலேயே இந்த அவையை ஆண்டுகொண்டிருக்கும் விழாத் தலைவி டாக்டர் இமோஜீன் க்ரம்ப் அவர்களே! வெண்ணுடையும் வெண்கையுறையும் அணிந்து, பூந்தோட்டத்தையே தலையில் சூடியது போன்ற தொப்பிகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் திருச்சபை அன்னையரே! அருள்மொழி பொழியும் போதகப் பெருமக்களே! ஆணியடித்தவர்களே, விளக்கேற்றியவர்களே, திரை இழுத்தவர்களே! நடித்தவர்களே, நடிக்கத் தெரியாமலே கடைசிவரை நடித்தவர்களே! சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொன்னேன். ஏரிக்காற்றுக்கும் அஞ்சாமல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த சிகாகோ தென்புறத்தின் செல்வங்களே, நாற்பத்தேழாம் தெருவின் நல்ல மக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லூஷியஸ் டேட்டின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

நம் கறுப்பினத்து நாடகக் கலைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டும் இந்த மேடையில், வாழ்நாள் சாதனை விருதை ஒடெஸா ப்ளெட்சோ அவர்களுக்கு வழங்கும் பேறு எனக்குக் கிடைத்திருக்கிறது. விருது இதோ, என் கையில் இருக்கிறது. வாங்க வேண்டியவர் அதோ, அந்தச் சிவப்புத் திரைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் இருக்கிறார். அவர் வெளியே வருவாரா, மாட்டாரா? சத்தியமாக எனக்குத் தெரியாது, மக்களே.

உங்களில் பலருக்குச் செய்தி தெரியும். சென்ற குளிர்காலத்தில், ஏரி உறைந்து கிடந்த நாட்களில், பக்கவாதம் அவரைச் சாய்த்தது. கை மீண்டது, கால் மீண்டது. சொல் மட்டும் இன்னும் முழுதாக வீடு திரும்பவில்லை. ஒரு சொல் வந்தால், அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். சற்று முன் திரைக்குப் பின்னால் போய் அழைத்தேன்.

"டேய் லூஷியஸ்... நான்... வரல."

"என்னக்கா இது கூத்து? நீலப் பட்டு உடுத்தி, முத்துமாலை போட்டு வந்து உக்காந்தாச்சு. இன்னும் நாலு எட்டுதானே?"

"நடக்கிறதுக்கு... பயமில்லடா. வாயத் திறந்தா... நடுவுல... நின்னு போகுது. இத்தனை வருஷம்... கை தட்டின ஜனங்க... பாவம் பாப்பாங்க. அத என்னால... தாங்க முடியாது."

"அப்ப விருத என்ன பண்றது?"

"நீ போய்ப் பேசு. உனக்குத்தான்... ஆரம்பிச்சா... நிறுத்தத் தெரியாதே. அதுக்குள்ள... யோசிக்கிறேன்."

கேட்டீர்களா? சொல் குறைந்தாலும் குத்தல் குறையவில்லை! ஆகவே, அவர் யோசித்து முடிக்கும்வரை நான் பேசியாக வேண்டும். யாராவது எழுந்து பீச் பழப் பணியாரம் இருக்கும் மேசைப் பக்கம் போனால், பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

கண்களை மூடிக்கொள்ளுங்கள், மக்களே. ஆமாம், நீங்களும்தான், போதகரே. மூடிக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதை நடந்தபோது என் கண்களும் மூடித்தான் இருந்தன. ஏனென்றால், அப்போது நான் செத்துப்போயிருந்தேன்.

ரயில் பாலத்துக்குக் கீழே நம் விடிவெள்ளி அரங்கம் நினைவிருக்கிறதா? தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் விளக்குகள் ஆடும், சுவர்கள் ஆடும், சில நேரம் கதாநாயகனின் மீசையும் ஆடும். அங்கே ஒரு நாடகம். கணவனின் சவப்பெட்டி அருகே நின்று, உயிரோடிருந்தபோது சொல்லாததையெல்லாம் மனைவி சொல்லித் தீர்ப்பாள். மனைவி ஒடெஸா. சவம் நான்.

என்ன சொன்னீர்கள், மேல்மாடத்தில் உட்கார்ந்திருக்கும் மாடத்துக்காரரே? 'உனக்கேத்த வேஷம்' என்றா? என் மனைவியும் அதையேதான் சொன்னாள், ஐயா!

ஆனால் எத்தனை இனிய வேடம் அது! சவ அடக்க நிலையத்துக்காரர் பெட்டிக்ரூ இரவல் தந்த அசல் சவப்பெட்டி. உள்ளே வெண்பட்டு மெத்தை. இமைகளின் மேல் விளக்கின் வெதுவெதுப்பு. மேலே போகும் ரயில், தண்ணீருக்கு அடியில் கேட்பது போல மெல்லக் கேட்கும். ரயில் கடக்கும்வரை ஒடெஸா காத்திருப்பார், பிறகு அந்தக் குரல் வரும். விழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா, மிதக்கிறேனா என்று தெரியாது. செத்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமென்றால் சாவதற்கு நான் அஞ்சமாட்டேன் என்றுகூட நினைத்ததுண்டு. ஒருநாள் குறட்டை விட்டுவிட்டேன் என்று சொல்வார்கள். அது பொய்.

நம் சனங்கள் வாய் மூடி நாடகம் பார்ப்பவர்களா? ஆலயத்தில் போதகர் மூச்சு வாங்கினால், 'சொல்லுங்க ஐயா!' என்று தாங்கிப்பிடிக்கும் கூட்டமல்லவா நாம்? அந்தப் பழக்கத்தை அரங்கத்து வாசலில் தொப்பியோடு கழற்றிவிட்டா உள்ளே வருவோம்? ஒடெஸா ஒரு வரி சொல்லி நிறுத்துவார். 'அப்படிப் போடு!' என்று ஒரு குரல் வரும். இன்னொரு வரி சொல்வார். 'எனக்கும் அதே கதைதான்மா!' என்று இன்னொரு குரல். எல்லாவற்றுக்கும் முதற்குரல் ஒன்று உண்டு. ரயில் ஓட்டுநர் எல்ரோய் ப்ளெட்சோ, ஒடெஸாவின் உண்மைக் கணவர். வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நடைவழியோர இருக்கையில் வந்து சாய்ந்திருப்பார். மனைவி பேச்சின் நடுவே தடுமாறும் இடத்தில், அந்த ஆழ்ந்த, கனத்த குரலால் சொல்வார்:

"ஆற அமரச் சொல்லு, கண்ணு."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒடெஸா மலையேறுவார்.

ஒரு வசந்தத்தில் எல்ரோய் நம்மை விட்டுக் கர்த்தரிடம் போனார். ஒடெஸா மேடையை விட்டு விலகினார். இலையுதிர் காலத்தில், இயக்குநர் தெரோன் ஹாபர்ட் கெஞ்சிக் கூத்தாடி, அதே நாடகத்துக்கு அவரை அழைத்து வந்தார். அழைத்தது சும்மா இல்லை. ஏரிக்கரையிலிருக்கும் பெரிய அரங்கத்தார் நாடகத்தைப் பார்க்க வருகிறார்கள், பிடித்தால் அங்கே கொண்டு போவார்கள். நம் வாழ்நாள் கனவல்லவா அது? தெரோன் நல்ல மனிதர். இதோ அங்கே உட்கார்ந்து, 'இதைச் சொல்லாதே' என்று எனக்குச் சைகை காட்டுகிறார். சொல்லத்தான் போகிறேன், தெரோன்! திரை விலகுமுன் அவர் மக்கள் முன் போய்க் கைகூப்பினார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும், தயவுபண்ணி யாரும் குரல் குடுக்காதீங்க. ஏரிக்கரை ஆளுங்க வந்திருக்காங்க. நாம சத்தம் போட்டா நாகரிகம் தெரியாத கூட்டம்னு நினைச்சிருவாங்க. ஒடெஸாவுக்காகக் கேக்கறேன்."

ஒடெஸாவுக்காக என்று கேட்டால் நம் சனங்கள் மறுப்பார்களா? உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அன்பினாலே அமைதியானார்கள். அந்த அன்பு ஒடெஸாவை எப்படி வதைத்தது என்பது, பெட்டிக்குள் கிடந்த எனக்குத்தான் தெரியும்.

ரயில் கடந்தது. ஒடெஸா தொடங்கினார்.

"எழுந்திருங்கன்னு சொல்ல வரல. நான் சொல்றதக் கேளுங்கன்னு சொல்ல வந்தேன்."

நிறுத்தினார். பதில் இல்லை.

"உங்க சட்டைய இன்னும் மடிக்கல. மடிச்சா நீங்க வரமாட்டீங்கன்னு ஆயிரும்."

நிறுத்தினார். கூரையில் மழை விழுவது கேட்டது. ஒரு மனிதக் குரல்கூடக் கேட்கவில்லை. அவருடைய குரல் மெலிந்தது. பெட்டி விளிம்பைப் பற்றினார். கல்யாண மோதிரம் மரத்தில் டக் டக் என்று தட்டியது என் காதோரம் கேட்டது. அடுத்த வரி வரவில்லை, மக்களே. வரவேயில்லை. பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று கேட்டார். அது நாடகத்தில் இல்லாத வரி.

"எல்ரோய்... எங்கய்யா போன?"

ஐயோ! என் வாழ்நாளில் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. நான் என்ன செய்ய? நானோ பிணம். பிணத்துக்கு ஒரே ஒரு வேலை, சும்மா கிடப்பது. அந்த வேலைகூட உருப்படியாகத் தெரியாதவன் நான்! பிறந்ததிலிருந்து ஆலயத்தில் பதில் சொல்லி வளர்ந்த வாய் இது. ஒருவர் தத்தளித்தால் தானாகத் திறந்துகொள்ளும். கனவில் பேசுவது போல, அந்த வெண்பட்டு மெத்தையிலிருந்து, அக்கா என்று நான் அழைக்கும் பெண்மணியைப் பார்த்து, இல்லை, பார்க்காமலே, கண் மூடியபடியே சொல்லிவிட்டேன்.

"ஆற அமரச் சொல்லு, கண்ணு."

பிணம் பேசிவிட்டது! ஏரிக்கரையார் முன்னால் பிணம் பேசிவிட்டது! தெரோன் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த கணம், பெட்டியின் விளிம்பில் பளாரென்று ஓர் அறை. ஒடெஸா நிமிர்ந்தார். ஊருக்கே கேட்கும்படி கேட்டார்:

"செத்தும் வாய் அடங்கலையா உனக்கு?"

அடடா, அடடா! அணை உடைந்தது, மக்களே! சிரிப்பு, அழுகை, கைத்தட்டல், கால்தட்டல்! 'அடங்காதும்மா, அவருக்கு அடங்காது!' என்றது ஒரு குரல். 'நீ கேளு தாயி, நல்லாக் கேளு!' என்றது இன்னொன்று. அதன் பிறகு அவர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. என் மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது, நான்தான் பிணமாயிற்றே.

முடிந்ததும் ஏரிக்கரை அரங்கத்திலிருந்து வந்த அம்மையார் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி தெரோனிடம் வந்தார்.

"பிணம் பேசற இடம் பிரமாதம்! யார் எழுதினது?"

"ரொம்ப நாள் ஒத்திகை பாத்தோம்மா" என்றார் தெரோன், கூச்சநாச்சமே இல்லாமல்.

"அப்ப அங்கயும் தினமும் பிணம் பேசணும்."

ஒடெஸா குறுக்கிட்டார். "பிணம் ஒரு தடவதான் பேசும். எங்க ஜனங்களக் கூட்டிட்டு வரேன். அவங்க பேசுவாங்க."

கூட்டி வந்தாரா இல்லையா? அந்த ஏரிக்கரை அரங்கத்தின் வாசலில் நம் ஆலயங்களின் பேருந்துகள் வரிசை கட்டி நின்றனவா இல்லையா?

இப்போது கண்ணைத் திறக்கலாம். ஒன்று கேட்கிறேன். நம் நாடகம் எதனால் பிழைத்தது? கதவுகள் நமக்கு மூடியிருந்த காலத்தில் சமையலறை மேசையை மேடையாக்கினோமே, துணி காயும் கொடியில் கிடந்த போர்வையைத் திரையாக்கினோமே, அப்போது நம்மிடம் என்ன இருந்தது? சொல்ல ஒரு வாய் இருந்தது, பதில் சொல்ல ஒரு வாய் இருந்தது. அந்த இரண்டும் இருந்த இடமெல்லாம் நமக்கு அரங்கம்தான்! இந்த விருதுகள் எல்லாமே, ஒருவர் நடிக்க மற்றவர் தாங்கியதற்கான விருதுகள்தான்!

ஒடெஸா அக்கா அஞ்சுவது எதற்கு? சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விழும் இடைவெளிக்கு. அந்த இடைவெளி புதிதா? ஒவ்வொரு மாலையும் அவர் வேண்டுமென்றே அங்கே நின்றாரே! அது யாருக்காக விட்ட இடம்? யாருடைய இடம் அது? கேட்கவில்லையே! உரக்கச் சொல்லுங்கள், திரைக்குப் பின்னால் கேட்கட்டும்! ஆம், நம்முடைய இடம்! அங்கே நாம் மௌனமாக இருந்தால்தான் அது நோய். நாம் பதில் சொன்னால் அது நாடகம்!

மெல்ல, மெல்ல... யாரும் எட்டிப் பார்க்காதீர்கள். திரை அசைகிறது. நீலப் பட்டின் ஓரம் தெரிகிறது. எழுந்து நிற்காதீர்கள்! எழுந்து நின்றால் பாவம் பார்க்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். எப்போதும் போல உட்கார்ந்து, எப்போதும் போல வாயாடுங்கள்.

வாங்கக்கா. ஏரிமேல் விடியல் வருவது போல வருகிறார், பாருங்கள். அக்கா, இதோ விருது... என்னக்கா? மைக் என் கையில் இருப்பதால் உங்களுக்குக் கேட்காது, மக்களே. நானே சொல்கிறேன். 'இன்னும்...' என்கிறார். நிறுத்திவிட்டார்.

எங்கே, அன்னையரே? எங்கே, மாடத்துக்காரரே? ஆ! அதுதான்! ஆற அமரச் சொல்லு, கண்ணு! இந்தக் கூரையே சொல்கிறது!

'வாய்...' என்கிறார். விடாதீர்கள், சொல்லுங்கள்! 'அடங்கலையா...' என்கிறார். என்னைத்தான் பார்க்கிறார். சிரிக்கிறார், மக்களே, சிரிக்கிறார்! 'இன்னும் வாய் அடங்கலையா உனக்கு?' என்று கேட்கிறார்!

அடங்கிவிட்டது அக்கா, இதோ அடங்கிவிட்டது. பிடியுங்கள், மைக் உங்களுடையது. பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, பதில் சொல்லப் போகும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!