அஞ்சாம் நாள் வேலைக்குப் போனவர்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் அமர்ந்திருந்தனர்.

"எனக்குத் துக்கமே இல்லைன்னு எழுதிட்டுப் போயிருச்சு அந்தப் பொண்ணு," என்றார் மூத்தவர்.

"எந்தப் பொண்ணுங்க்கா?" என்றார் இளையவர்.

"காலேஜ்ல இருந்து ஆராய்ச்சிக்கு வந்துச்சே, அதுதான். ஊட்டுக்காரர் தவறிப்போய் எத்தனை நாள் கழிச்சு வேலைக்குப் போனீங்கன்னு கேட்டுச்சு. அஞ்சாம் நாள்னேன். ‘பாதிப்பு குறைவு’ன்னு இருந்த கட்டத்துல டிக் போட்டுருச்சு."

"ஊட்டுல ஒத்தையில உட்காரக் கூடாதுன்னு நாங்கதானுங்க்கா உங்களை இழுத்துட்டுப் போனோம்? அதைச் சொல்லலீங்களா?"

"சொன்னேன். தேயிலைச் செடி நெரையில என்னை நடுவுல நிறுத்திக்கிட்டீங்க, நான் அழுதுட்டே நிக்க, நீங்க பறிச்ச கொழுந்தை என் கூடையில போட்டீங்க, எல்லாம் சொன்னேன். அதுக்குக் கட்டம் இல்லைன்னுருச்சு."

"அந்தப் பொண்ணு ஊட்டுப் பக்கம் எப்படியாமா?"

"பெரியப்பா போனதுக்கப்புறம் அதோட பெரியம்மா ஒரு வருசம் வாசப்படியே தாண்டலையாம்."

"பாவமுங்க. கூட்டிட்டுப் போக ஒரு ஆள்கூட இல்லையாட்ட இருக்குது."

"நாளைக்கு மறுபடி வருது. அந்த டிக்கை அழிக்கச் சொல்லோணும். அவருக்காக நான் அழலைன்னு எங்கயும் எழுதியிருக்கக் கூடாது."

"அந்தப் பொண்ணைத் தோட்டத்துக்கே கூட்டிட்டு வாங்க்கா. நடுவுல நிறுத்திக்குவோம்."

மூத்தவர் சிரித்தார். கேத்திப் பிரிவில் இருவரும் இறங்கிக்கொண்டனர்.

என் மனைவி இறந்தபின் நான் வீட்டைவிட்டு வெளியே வந்தது அன்றுதான். பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன.