பதினொரு சிபாரிசுக் கடிதங்கள்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சுப்பராயன் ஆகிய நான், மனைவி சரசா, மகள் கனிமொழி, மைத்துனன் கிருபாகரன், மகளின் ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் மணவாளன். காபி நன்றாக இருந்தது. அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மற்றதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கனிமொழி பேட்டரி ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர். பூந்தமல்லி ஃபிளாட்டின் வாசலில் என் பெயருக்கு மேலே அவள் பெயர்ப்பலகையை நானே மாட்டினேன். அதற்குப் பிறகுதான் போஸ்ட்டாக் என்ற சொல்லையே கேள்விப்பட்டேன். வெளிநாட்டில் இன்னொரு பேராசிரியருக்குக் கீழே இரண்டு வருட ஒப்பந்த வேலையாம்.

"டாக்டராயிகினு மறுபடியும் டெம்பரரியா மாமா? நம்ம பட்டறைல பெயின்ட் அட்ச்சிகினு கீறவனே பர்மனென்ட்டு" என்றான் லாரிப் பட்டறை வைத்திருக்கும் கிருபாகரன். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எங்கள் வம்சத்தில் யாரும் தற்காலிகமாக இருந்ததில்லை.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வழிகாட்டியின் கடிதம் வேண்டும். "நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்பார் மணவாளன். வழிகாட்டிகளிடம் இது வழக்கம்தான். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள அவளுக்குக் கூச்சம். "நீங்க எழுதுங்கப்பா, உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும்" என்றாள். முப்பத்திரண்டு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். உறையை ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று எழுதிக் கொடுப்பேன். அவள் பிரித்துப் பார்த்ததில்லை. அப்படி வளர்த்திருக்கிறோம். மணவாளன் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பார்ப்பார்.

பொய் எதுவும் எழுதவில்லை. 'இவர் இருந்த ஐந்து வருடத்தில் ஆய்வகம் தீப்பிடித்தது ஒரே ஒரு முறைதான்' என்று எழுதினேன். தீப்பிடித்தது உண்மை. பிடித்தது பக்கத்து அறையில், அன்று அவள் மாங்காடு கோயிலில் இருந்தாள் என்பதெல்லாம் கடிதத்துக்குத் தேவையில்லாத விவரம். 'சக ஆய்வாளர்களோடு பெரும்பாலும் சண்டை போடமாட்டார்' என்பதும் உண்மைதான்.

பதினொரு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். மறுப்பு வரும் நாளெல்லாம் அவள் சாப்பிடமாட்டாள். தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, "போவட்டும் கண்ணு, ஒரு வாய் சாப்பிடு" என்பேன். பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களைத்தான் அந்த ஆய்வகங்கள் எடுக்கும். அந்தக் கெடு முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தேன். போன மாதம் முடிந்தது.

மறுவாரம் மணவாளன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். "லெட்டரெல்லாம் எவ்ளோ நீட்டா அடிச்சிருந்தீங்க சார்! இன்னும் ஃபோன்ல வெச்சிருக்கேன்" என்றார்.

"நான் பாக்கலாமா சார்?" என்றாள் கனிமொழி.

பதினொன்றையும் நின்றபடியே படித்தாள். தீப்பிடித்த வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்.

"இன்னா மாமா இது, நான் சும்மா தமாசுக்குச் சொன்னேன்" என்றான் கிருபாகரன்.

"ஏம்பா?" என்று மட்டும் கேட்டாள் மகள்.

"உன் மரியாதைக்குத்தாம்மா."

அவள் வாசலுக்குப் போய்த் தன் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். இப்போது அம்பத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாள். பேட்டரி கம்பெனியில் வேலை. தற்காலிக வேலை, அதை வெளியில் சொல்ல வேண்டாம்.

பெற்ற அப்பனே மகளைப் பற்றித் தாழ்வாக எழுதிக் கொடுத்துவிட்டான் என்று ஃபிளாட்டில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பதினொரு கடிதங்களிலும் இருப்பது மணவாளனின் கையெழுத்து.